ராணுவத்தைப் பற்றி நாங்கள் வெளியில் சொல்லத் தயங்குபவை

"முன்னாள் படைவீரர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கிற, வெளியில் சொன்னால் ஊராரும் சக வீரர்களும் முகம் சுளிக்கிற கருத்துகள் என்னென்ன?" என்று சாயல்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆள்சேர்ப்புக்குத் தயாராகிக்கொண்டிருப்பதாகவும், ஊரில் கேட்ட வீரக்கதைகளைத் தவிர வேறு எதுவும் தனக்குத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறார். நான் ராணுவத்தின் பொறியியல் பிரிவுகளில் ஒன்றான மதராஸ் என்ஜினியர் குரூப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தேவிபட்டினம் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். முன்னாள் வீரர்களுக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் என் வீட்டுத் திண்ணையில் பென்ஷன் மனுக்கள் எழுதிக் கொடுப்பது இப்போது என் வேலை. அந்தத் திண்ணையில் கேட்டவற்றையும் சேர்த்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

தம்பி, முதல் கருத்தே பலருக்குக் கசக்கும். எங்களில் பெரும்பாலானவர்கள் சம்பளத்துக்காகச் சேர்ந்தோம். ராமநாதபுரம் மாவட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடலாடி, முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிரம்பினால் ஒரு போகம் நெல், கொஞ்சம் முண்டு மிளகாய். நிரம்பாவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இந்த மண்ணில் படிப்பை முடித்த ஒரு பையன் படகுக்குப் போவான், வளைகுடா நாட்டுக்கு விசா தேடுவான், அல்லது பட்டாளத்துக்குப் போவான். மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் வரும், தங்கைக்குக் கல்யாணம் நடக்கும், ஓட்டு வீடு காரை வீடாகும் என்ற கணக்கோடுதான் நாங்கள் மீட்டர் கேஜ் ரயிலில் ஏறினோம். நாட்டுப்பற்று பொய் என்று சொல்லவில்லை. அது பயிற்சியின்போதும் அதற்குப் பிறகும் மெதுவாக வந்து சேர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனைக் கைவிடக் கூடாது என்ற எண்ணம் அதற்கும் முன்பே வந்துவிட்டது.

சம்பளத்துக்காகச் சேர்ந்தோம் என்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ராணுவத்தை ஒரு வேலையாகப் பார்த்தால், வேலை செய்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கலாம். லீவு, குடும்பக் குடியிருப்பு, மருத்துவம், மேலதிகாரியின் நடத்தை, ஓய்வுக்குப் பின் வாழ்க்கை என எல்லாவற்றையும் கேட்கலாம். அதையே தெய்வத் தொண்டாக்கிவிட்டால் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்க முடியாது. சாமியிடம் யாரும் சம்பளப் பட்டியல் கேட்பதில்லை. 2016 நவம்பரில் பழைய நோட்டை மாற்ற வங்கி வாசலில் கால் கடுக்க நின்ற முதியவர்களிடம், "எல்லையில் ராணுவ வீரர்கள் நிற்கிறார்கள், உங்களால் வரிசையில் நிற்க முடியாதா?" என்று கேட்டார்கள். எங்கள் பெயரைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்தார்கள். எங்கள் வாயை அடைப்பதற்கும் அதே புகழ்ச்சிதான் பயன்படுகிறது. நான் கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

ஊருக்கு வந்தால் எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்பது. படையில் சமையல்காரர் இருக்கிறார், ஓட்டுநர் இருக்கிறார், ஸ்டோர் கணக்கு எழுதுகிறவர், கழுதைப் பாதையில் மண்ணெண்ணெய் ஏற்றிச் செல்கிறவர், ரேடியோவைப் பழுது பார்க்கிறவர் இருக்கிறார்கள். பணிக்காலம் முழுவதும் எதிரியை நோக்கி ஒரு குண்டு கூடச் சுடாமல் ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். அதில் தாழ்வு ஒன்றுமில்லை. 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது, சூரல்மலையில் 190 அடி நீள பெய்லி பாலத்தைக் கட்டியவர்கள் எங்கள் மதராஸ் என்ஜினியர் குரூப் வீரர்கள். ஆற்றுவெள்ளத்துக்கு நடுவே இரும்புச் சட்டங்களைக் கையால் தூக்கி, ஆணி கோத்து, ஆகஸ்ட் முதல் தேதியே பாலத்தைத் திறந்தார்கள். ராணுவத்தின் அன்றாடம் அப்படிப்பட்ட உழைப்புதான். மீதி நேரம் காத்திருப்பு: இரவுக் காவல், அணிவகுப்பு, சாமான் எண்ணுதல், மறுபடியும் காவல். துப்பாக்கிக்காக மட்டும் சேர்கிற பையன் இரண்டாவது ஆண்டிலேயே சோர்ந்துபோகிறான். கைத்தொழில் கற்கச் சேர்கிறவன் நிலைக்கிறான்.

அடுத்து வருவது, எங்கள் ஆட்களே என்னோடு சண்டைக்கு வருகிற விஷயம்: அதிகாரிக்கும் ஜவானுக்கும் இடையில் உள்ள சுவர்.

ஏழாவது சம்பளக் குழுவுக்குப் பிறகு ராணுவப் பணி ஊதியம் என்று தனியாக ஒரு தொகை தருகிறார்கள். ராணுவ வாழ்க்கையின் கஷ்டங்களுக்கு ஈடாகத் தரப்படுவது அது. அதிகாரிக்கு மாதம் 15,500 ரூபாய், ஜவானுக்கும், ஜவானுக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட பதவியான ஜே.சி.ஓ.வுக்கும் 5,200 ரூபாய். சியாச்சினில் இருப்பவர்களுக்கான படியையும் 2017-ல் அரசு அதிகாரிக்கு மாதம் 42,500, மற்றவர்களுக்கு 30,000 என்றுதான் நிர்ணயித்தது. பொறுப்புக்கும் படிப்புக்கும் ஏற்ப அடிப்படைச் சம்பளம் மாறுவதை நான் ஏற்கிறேன். முடிவெடுக்கிறவருக்கு அதிகம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் குளிருக்குக் கொடுக்கிற காசு எப்படி மாறும்? பனிக்கடியில் விரல் கறுப்பது ரேங்க் பார்த்து நடப்பதில்லை. குடும்பத்தைப் பிரிந்திருக்கும் வலிக்கு ஒருவருக்கு ஒரு விலை, இன்னொருவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' கேட்டு எல்லாரும் தோளோடு தோள் நின்றோம். 2015 நவம்பரில் ஆணை வந்தது, 2014 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறை என்றார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது, சிப்பாய், ஹவில்தார் தரப்பினர் தங்களுக்குக் கிடைத்தது போதாது என்று தனியே போராட வேண்டியதாயிற்று. அப்போது, "படைக்குள் பிளவு உண்டாக்குகிறீர்கள்" என்று எங்களைத்தான் திட்டினார்கள். பிளவு சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது.

சஹாயக் முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதிகாரிக்குத் துணையாக ஒரு ஜவானைக் கொடுப்பது. போர்க்களத்தில் அதற்கு நியாயம் உண்டு: வரைபடம், ரேடியோ, ஆயுதம் என்று அதிகாரியின் கை நிறைந்திருக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் தேவை. அமைதிக்கால முகாமில் அதே ஜவான் அதிகாரி வீட்டுக்குக் காய்கறி வாங்குவதையும், குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போவதையும், நாயைக் குளிப்பாட்டுவதையும் பார்த்தவர்கள் நாங்கள். பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2008-லேயே இது வெட்கக்கேடான வழக்கம், சுதந்திர இந்தியாவில் இதற்கு இடமிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. கடற்படையும் விமானப்படையும் இது இல்லாமலே நடக்கின்றன. நல்ல அதிகாரிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஜவானின் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்துவிட்டுத் தன் தட்டை எடுத்தவர்கள் உண்டு. அந்த நல்லவர்களை நம்பி ஒரு கெட்ட வழக்கத்தை விட்டுவைக்க முடியாது. அடிமைத்தனத்தை ஒழுக்கம் என்று சொல்லப் பழகியவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் எனக்கு அதிக வருத்தம்.

லீவைப் பற்றிக் கேட்டால் ஆண்டுக்கு இரண்டு மாதம், அதுபோக ஒரு மாதம் தற்செயல் விடுப்பு என்று சொல்வோம். கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். ராமநாதபுரத்திலிருந்து சேது எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை, அங்கே எழும்பூரிலிருந்து சென்ட்ரல், சென்ட்ரலில் படையினரின் பயணத்தைக் கவனிக்கும் எம்.சி.ஓ. அலுவலகத்தில் இடத்துக்குக் காத்திருப்பு, பிறகு ஜம்மு போகும் ரயிலில் இரண்டு இரவுக்கு மேல், அதன்பின் கான்வாய் லாரி. பனிக்காலத்தில் கணவாய் மூடினால் அங்கேயே கிடக்க வேண்டும். இந்த வழியெல்லாம் கடந்து வீட்டுக்கு வருகிறவனைக் குழந்தை அடையாளம் தெரியாமல் அம்மா சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். குடும்பத்தை அழைத்துப் போகலாமே என்பார்கள். எல்லைப் பகுதிகளுக்குக் குடும்பம் போக முடியாது. அமைதி முகாம்களில் குடியிருப்புக்கு வரிசை நீளம். வரிசை நமக்கு வரும் நேரம் மாற்றல் ஆணையும் வந்துவிடும்.

ஆகவே ராணுவ வாழ்க்கையை முழுதாக வாழ்ந்தவர்கள் எங்கள் மனைவிமார்தான். மாமனாரை மதுரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனது, கண்மாய்த் தண்ணீருக்குச் சண்டை போட்டது, பங்காளியின் வழக்குக்குக் கோர்ட் வாசலில் நின்றது, பிள்ளைக்குப் பள்ளி தேடியது, வீடு கட்ட மேஸ்திரியிடம் கணக்கு வாங்கியது எல்லாம் அவர்கள். இது முன்னாள் வீரர்களுக்குப் பிடிக்காத கருத்து என்று தெரிந்தே சொல்கிறேன்: ஓய்வு பெற்று வந்த மறுநாளே வீட்டை யூனிட்டாக நினைத்து உத்தரவு போடத் தொடங்குகிறோம். ஐந்து மணிக்கு எழு, செருப்பை வரிசையாக வை, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். அத்தனை ஆண்டுகள் தனியாகக் குடும்பத்தை நடத்திய பெண், முடிவெடுப்பதில் நம்மை விட அனுபவம் உள்ளவள். அவளுக்குக் கட்டளையிட நமக்கு எந்த ரேங்க்கும் கிடையாது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஓய்வுக்குப் பின் வருகிற முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மிகக் கடினமானவை. பெண்கள் அதை என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். ஆண்கள் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஆண்கள் சொல்லாமல் குடிக்கிறார்கள். கேன்டீன் சரக்கு மலிவாகக் கிடைப்பதை ஒரு சலுகை என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஊர்க்காரர்கள் முன்னாள் வீரரிடம் முதலில் கேட்கும் உதவியும் அதுதான். எனக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன், நண்பர்கள் கோபித்துக்கொண்டார்கள். முந்தைய ஐந்து ஆண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், அதில் 642 பேர் தரைப்படையினர் என்று 2022-ல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. எதிரியின் கையால் இறந்தவனுக்குப் பள்ளிக்கூடத்தில் படம் மாட்டுகிறோம். இவர்களுடைய பெயரை அவரவர் ஊரிலேயே மெதுவாகத்தான் சொல்கிறார்கள். மனநல மருத்துவரிடம் போனால் மருத்துவத் தரம் குறையும், பதவி உயர்வு நிற்கும், யூனிட்டில் கோழை என்பார்கள் என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. முழங்கால் தேய்ந்தவனை யாரும் கோழை என்பதில்லை.

ஒரு பயனுள்ள செய்தியையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். எல்லையில் இருப்பவனின் தூக்கத்தைக் கெடுப்பதில் ஊர் நிலத் தகராறுக்குப் பெரிய பங்குண்டு. வரப்பைத் தள்ளிப் போட்டார்கள் என்ற ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இதற்குச் சட்டத்தில் வழியிருக்கிறது. பணியில் இருப்பவர் வர முடியாத நிலையில் சிவில் வழக்கு அவருக்கு எதிராக ஓடிவிடாமல் பாதுகாக்க 1925-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். தவிர, கமாண்டிங் ஆபீசர் மூலம் மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் அனுப்பலாம். எல்லாக் கடிதத்துக்கும் பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படியொரு வழி இருப்பதே தெரியாமல் மனம் புழுங்கியவர்கள் அதிகம்.

இப்போது எழுதப்போவதை எங்கள் மாவட்டத்து முன்னாள் வீரர் கூட்டங்களில் யாரும் எடுக்க மாட்டார்கள். ராணுவம் சாதியை ஒழிக்கும் என்பது பாதி உண்மை. ஒரே லங்கரில், அதாவது பொதுச் சமையலறையில், சாப்பிட்டோம், ஒரே பேரக்கில் தூங்கினோம், காயம்பட்டபோது யார் ரத்தம் என்று கேட்காமல் ஏற்றிக்கொண்டோம். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மறுபக்கம், சாதியின் பெயரையும் சமூகத்தின் பெயரையும் தாங்கிய ரெஜிமெண்டுகள் இன்றும் இருக்கின்றன. அதை விடுங்கள், எங்கள் கதைக்கு வருவோம். பணியில் ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேர், பரமக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தனித்தனித் தெருவுக்குப் போகிறார்கள். பத்து ஆண்டு கழித்து ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போவதில்லை. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்ட தியாகி இமானுவேல் சேகரன் ராணுவத்தில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர் என்பதை எத்தனை முன்னாள் படைவீரர்கள் நினைவில் வைத்திருக்கிறோம்? சீருடை அணிந்து நாட்டுக்கு உழைத்தவனைச் சொந்த மண் சமமாக நடத்தவில்லை என்பது முன்னாள் படைவீரர்களாகிய நாம் எல்லாரும் முன்வந்து பேசியிருக்க வேண்டிய விஷயம். அதை ஒரு சமூகத்தின் துக்கமாக விட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டோம். சாதிச் சங்க மேடைகளில் மெடல்களைக் குத்திக்கொண்டு உட்காரும் முன்னாள் வீரர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த மெடல் சாதிக்காகக் கொடுக்கப்பட்டது இல்லை. கட்சி மேடைகளுக்கும் இதையே சொல்வேன்.

எங்கள் கடற்கரைக்கே உரிய இன்னொரு மௌனம் இலங்கை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதிப்படை அங்கே போனது. 1990 மார்ச்சில் திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். அதே காலத்தில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் அமைதிப்படையால் கொல்லப்பட்டார்கள்; ஊர்களில் பொதுமக்கள் செத்தார்கள். சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கலைஞர் கருணாநிதி போகவில்லை. அக்கரைத் தமிழர்கள் படகில் வந்து இறங்கிய கரை எங்களுடையது. மண்டபம் அகதிகள் முகாமில் அவர்களோடு பழகாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. அமைதிப்படையில் போய் வந்த எங்கள் மூத்தவர்கள், மீதி எல்லாப் போஸ்டிங்கையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. தமிழ் பேசும் மனிதர்களின் வீட்டைச் சோதனையிடப் போன தமிழ்ச் சிப்பாய்க்கு உள்ளே என்ன நடந்தது என்று இந்தச் சமூகம் கேட்டதே இல்லை. என் கருத்து இரு தரப்புக்கும் பிடிக்காது. அங்கே செத்த சிப்பாய்க்கு மரியாதை செய்யுங்கள். அங்கே செத்த அப்பாவித் தமிழனுக்கும் அழுங்கள். சிப்பாய் கட்டளையின் பேரில் போனவன். கட்டளையைப் போட்டவர்களிடம் கணக்குக் கேளுங்கள். ஒன்றைச் செய்தால் மற்றொன்றுக்குத் துரோகம் என்று சொல்கிறவர்கள் இரண்டு தரப்புச் சாவையும் பார்க்காதவர்கள்.

கடலைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் மீனவர்கள் விஷயத்தையும் சொல்கிறேன். உச்சிப்புளியில் 'ஐ.என்.எஸ். பருந்து' கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை என்று எங்கள் கரையில் சீருடை புதிதில்லை. 2022 அக்டோபரில் பாக் நீரிணையில் நமது கடற்படைக் கப்பலிலிருந்தே சுட்டதில் தமிழ்நாட்டு மீனவர் ஒருவர் காயமடைந்தார். எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்று கடற்படை சொன்னது. மூடுபனியிலும் இருட்டிலும் நிற்காத படகைப் பார்க்கும் மாலுமியின் பயம் எனக்குப் புரிகிறது. படகில் இருந்தவன் என் ஊர்க்காரனைப் போன்றவன் என்பதும் தெரிகிறது. கடலை அறிந்தவர்கள் கப்பலில் போதுமான அளவு இல்லாததுதான் இதில் என் முதல் குறை. கடலோரக் காவல்படையில் நாவிக் எனப்படும் மாலுமிப் பதவியின் பொதுப்பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். சிறு வயதிலிருந்து நீரோட்டத்தையும் காற்றையும் பாறைத் திட்டையும் அறிந்த மீனவப் பையன் அந்தப் பாடப்பிரிவு இல்லாததால் வாசலிலேயே நின்றுவிடுகிறான். தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மீனவ இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சி நடத்துவது நல்ல காரியம். ஆனால் அது பதினோராம் வகுப்பிலேயே சரியான பிரிவை எடுத்தவனுக்குத்தான் உதவும். ஆகவே கடற்கரை ஊர்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

போர் வேண்டும் என்று கூச்சல் போடுகிறவர்களைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனமில்லை. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நடந்த நாட்களில் லீவில் வந்திருந்த பையன்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பெட்டியைக் கட்டினார்கள். அவர்களின் அம்மாக்கள் கோயில் கோயிலாக, தர்கா தர்காவாகப் போனார்கள். அதே நேரத்தில் தொலைக்காட்சியில் இன்னும் அடிக்க வேண்டும் என்று கத்தினார்கள். அடிக்க வேண்டிய நேரத்தில் அடிப்பதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். அதை நாற்காலியில் உட்கார்ந்து கொண்டாட வேண்டாம்.

அக்னிவீர் திட்டம் பற்றித் தம்பி குறிப்பாகக் கேட்டிருக்கிறார். 2022 ஜூன் 14 அன்று அறிவித்தார்கள். நான்கு ஆண்டுப் பணி. முடிவில் 25 விழுக்காடு வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேவா நிதிக்குப் பிடித்தம் போகக் கைக்கு 21,000. நான்காம் ஆண்டு 40,000. வெளியே வரும்போது அரசின் பங்கும் வட்டியும் சேர்த்துச் சுமார் 11.71 லட்சம். பென்ஷன் கிடையாது, பணிக்கொடை கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. பணியின் காரணமாக இறந்தால் 48 லட்சம் காப்பீடும் 44 லட்சம் கருணைத் தொகையும் உண்டு. குடும்பத்துக்கு மாதாமாதம் வரும் பென்ஷன் இல்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே குழியில் ஒரே குண்டுக்கு இரண்டு பேர் இறந்தால், ஒரு தாய்க்கு ஆயுள் முழுவதும் பென்ஷன், இன்னொரு தாய்க்கு ஒரு தொகையோடு கணக்கு முடிப்பு என்பது எந்த நியாயத்திலும் சேராது. படைக்கு இளம் வயதினர் வேண்டும் என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. மலையில் மூட்டை சுமந்தவனுக்கு அது தெரியும். ஆனால் இளமையை வாங்கிக்கொள்கிறவர்கள் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். இதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. எங்கள் ஆட்களில் சிலரே அந்தப் பையன்களை அரைச் சிப்பாய்கள் என்று பேசுகிறார்கள். திட்டத்தின் மேல் உள்ள கோபத்தை அதில் சேர்ந்த பிள்ளையின் மேல் காட்டாதீர்கள். அவன் போகும் பனியும் நாம் போன பனியும் ஒன்று.

சேர்வதா வேண்டாமா என்று கேட்டால், சேருங்கள் என்றுதான் சொல்வேன். சேருவதற்கு முன்பே வெளியே வருவதற்கான திட்டத்தோடு சேருங்கள். பழைய முறையில் சேர்ந்த எங்களுக்கே அந்தத் திட்டம் இல்லாமல் போயிற்று. பதவி உயர்வு கிடைக்காத சிப்பாய் நாற்பது வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறான். மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் முன்னாள் வீரர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது; பத்தாம் வகுப்பு முடித்துப் பதினைந்து ஆண்டு பணியாற்றியவரைப் பட்டதாரிக்கு இணையாக அந்தப் பணிகளுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். தேர்வு எழுத வேண்டுமே! இருபது ஆண்டு புத்தகத்தைத் தொடாதவன் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதி எப்படித் தேறுவான்? அதனால்தான் பாலம் கட்டியவனும் பீரங்கி இழுத்தவனும் ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால் அவனுடைய திறமைக்கு அது கூலி ஆகாது. பணியில் இருக்கும்போதே அஞ்சல் வழியில் பட்டம் படியுங்கள். கற்ற தொழிலுக்குச் சான்றிதழ் வாங்குங்கள். மாலையில் சீட்டாட்டத்துக்கு அழைப்பவர்கள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

கடைசியாக, என் திண்ணைக்கு வருகிற பெண்களைப் பற்றி. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் கொடுத்த இருபது பேரில் ஹவில்தார் பழனி எங்கள் திருவாடானை வட்டம் கடுக்கலூரைச் சேர்ந்தவர். பின்னர் வீர் சக்ரா அளிக்கப்பட்டது. அப்படிப்பட்ட சாவுக்கு ஊர் திரள்கிறது, நாடு திரும்பிப் பார்க்கிறது. நோயால், விபத்தால், ஓய்வுக்குப் பின் மாரடைப்பால் இறக்கும் வீரர்கள்தான் அதிகம். அவர்களின் மனைவிமார் துணிப்பையில் காகிதங்களோடு தனியாக வருகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் ஒன்றுதான்: பெயர். வீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசில் கணவரின் பெயர் அப்பா பெயரைச் சேர்த்து நீளமாக இருக்கும். ஆதாரில் இனிஷியலோடு இருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ்ப் பெயரில் எது தன் பெயர், எது தகப்பன் பெயர் என்று தெரியாது. மனைவியின் பெயர் 'முத்துலெட்சுமி' என்பது மூன்று காகிதத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். சில குடும்பங்களில் திருமணத்தையே பதிவு செய்திருக்க மாட்டார்கள். அதாவது குடும்ப விவரங்களை ராணுவ ஏட்டில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் போடப்பட்டிருக்காது. அந்த ஆணை இல்லாவிட்டால் ராணுவத்தின் ஏட்டில் அவள் அவருடைய மனைவியே கிடையாது. குழந்தைகளும் அப்படியே. பிறகு தாசில்தார் சான்று, நோட்டரி உறுதிமொழி, ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபால், திரும்பி வரும் கேள்வி, மறுபடியும் தபால். இப்போது பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் இணையதளத்துக்கு மாறிவிட்டது. எழுத்து ஒன்று மாறினாலும் அது ஏற்றுக்கொள்ளாது. ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். கைரேகை தேய்ந்த கிழவிகளுக்கு அந்த இயந்திரமே ஒரு தண்டனை.

இதற்கு யாரும் கொடி பிடிக்க மாட்டார்கள், மேடை போட மாட்டார்கள். பணியில் இருக்கும் தம்பிகள் அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் ஆதார், மனைவியின் ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். யூனிட்டுக்குத் திரும்பியதும் கிளார்க்கிடம் கேட்டு, திருமணத்துக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பார்ட் டூ ஆர்டர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். ஓய்வு பெற்றவர்கள் பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். தவறு இருந்தால் நீங்கள் உயிரோடு இருக்கும்போது திருத்துவது எளிது. ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போக முடியாதவர்கள் தேவிபட்டினம் பக்கம் வந்தால் நானே மனு எழுதித் தருகிறேன்.